4294967295: ஒரு ஓவர்ஃப்ளோ நம்பரின் ஜாதகம்

சி லேப் தாண்டி வந்த எல்லாரும் இந்த நம்பரை ஒரு தடவையாவது ஸ்கிரீன்ல பார்த்திருப்பீங்க. அன்சைன்ட் இன்டிஜர்ல மைனஸ் 1 போட்டு பிரின்ட் பண்ணா வந்து நிக்கும்: 4294967295. நம்ம ஊர் கணக்குல 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. பார்த்ததும் "ஏதோ குப்பை வேல்யூ" என்று சொல்லிவிட்டு பக் எங்கே என்று தேடப் போய்விடுவோம். நெட்வொர்க்ஸ் படித்தவர்களுக்கு இதே நம்பர் வேறு வேஷத்தில் தெரியும்: 255.255.255.255 என்ற பிராட்காஸ்ட் அட்ரஸை ஒரே எண்ணாக எழுதினால் இதுதான். சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக நெல்மணி வைக்கும் கதையை எல்லோரும் கேட்டிருப்போம். அதில் பாதிப் பலகை, அதாவது 32 கட்டம் முடியும்போது மொத்தம் எத்தனை மணி? இதே 4294967295. ஒரு மணி 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 107 டன் நெல். அரசருக்கு அந்த இடத்திலேயே தலை சுற்றியிருக்க வேண்டும்.

பிளேஸ்மென்ட் ஆப்டிட்யூட்ல "32 பிட்ல அதிகபட்ச மதிப்பு என்ன" என்று கேட்பார்கள். 2³² − 1 என்று டிக் பண்ணிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்த நம்பரை எது எதெல்லாம் வகுக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கதை சுவாரசியமாகப் போகும், 1640 வரைக்கும் பின்னால் போகும், இன்னும் யாருக்கும் விடை தெரியாத ஒரு இடத்தில் போய் நிற்கும்.

கால்குலேட்டர் இல்லாமலே ஆரம்பிக்கலாம். இலக்கங்களைக் கூட்டினால் 57. அது 3ஆல் வகுபடும், அதனால் நம் எண்ணும் 3ஆல் வகுபடும். கடைசி இலக்கம் 5, அதனால் 5ஆலும் வகுபடும். ரெண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் 286331153. அதை 17ஆல் வகுத்தால் 16843009. அதை 257ஆல் வகுத்தால் 65537. அதற்கு மேல் உடையாது, 65537 பகா எண். ஆக,

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

ஐந்தும் பகா எண்கள். ஐந்தையும் கொஞ்சம் உற்றுப் பாருங்க. 2 + 1, 4 + 1, 16 + 1, 256 + 1, 65536 + 1. எல்லாமே ரெண்டின் அடுக்கு கூட்டல் ஒன்று. அந்த அடுக்குகளும் 1, 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகிக்கொண்டே போகின்றன. ஒரு குப்பை வேல்யூவுக்குள் இவ்வளவு ஒழுங்கு எப்படி வந்தது?

பாதிக் காரணம் பள்ளிக்கூட அல்ஜீப்ரா. அ² − 1 = (அ − 1)(அ + 1), அவ்வளவுதான். 2³² − 1 என்பதை (2¹⁶ + 1)(2¹⁶ − 1) என்று பிரிக்கலாம். அதில் 2¹⁶ − 1 மறுபடி (2⁸ + 1)(2⁸ − 1) ஆகும். இப்படியே இறங்கிக்கொண்டே போனால் கடைசியில் 2 − 1 = 1 என்று காலியாகிவிடும். ஒவ்வொரு படியிலும் ஒரு "கூட்டல் ஒன்று" எண்ணைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறோம்.

ஆனால் நம் டிபார்ட்மென்ட் ஆட்களுக்கு இதைவிட நல்ல படம் ஒன்று இருக்கிறது. பைனரியில் யோசிங்க. 1ல் ஆரம்பிங்க. 3ஆல் பெருக்குவது என்றால் என்ன? 3 என்பது பைனரியில் 11. அதாவது இருக்கிறதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, ஒரு இடம் தள்ளி, பக்கத்தில் ஒட்டுவது. 1 என்பது 11 ஆச்சு. அடுத்து 5, பைனரியில் 101. ஜெராக்ஸ் எடுத்து ரெண்டு இடம் தள்ளி ஒட்டு: 1111. அடுத்து 17, அதாவது 10001. நாலு இடம் தள்ளி ஒட்டு: 11111111. 257 எட்டு இடம் தள்ளும், 65537 பதினாறு இடம் தள்ளும். ஐந்தே ஐந்து ஜெராக்ஸ், 32 பிட்டும் நிரம்பிவிட்டது. இடிக்காமல், இடைவெளி விடாமல், கேரி வராமல். நம் எண்ணின் காரணிகள் என்பது அந்த ஐந்து ஜெராக்ஸ்தான்.

இந்தப் படம் மனசுல உட்கார்ந்தால் இன்னொரு விஷயம் தானாகப் புரியும். எம்பெடட் கோடு படித்தவர்கள் பிட் எண்ணும் டிரிக்கில் சில விநோதமான மாஸ்க்குகளைப் பார்த்திருப்பீங்க. எட்டு பிட்டுக்கு அவை 01010101, 00110011, 00001111. தசமத்தில் 85, 51, 15. இவை எங்கிருந்து வந்தன? எட்டு பிட் நிரம்பினால் 255. 255ஐ 3ஆல் வகுத்தால் 85. 5ஆல் வகுத்தால் 51. 17ஆல் வகுத்தால் 15. ஒரு ஜெராக்ஸை மட்டும் ஒட்டாமல் விட்டால் வரும் ஓட்டைதான் மாஸ்க்!

வேலை செய்கிறதா என்று 181ஐ வைத்துப் பார்க்கலாம். பைனரியில் 10110101, ஐந்து ஒன்றுகள். முதலில் 85 மாஸ்க் போட்டு பக்கத்துப் பக்கத்து பிட்டைக் கூட்டு: 10, 11, 01, 01 என்ற நாலு ஜோடிகளில் முறையே 1, 2, 1, 1. அடுத்து 51 மாஸ்க் போட்டு பக்கத்து ஜோடிகளைக் கூட்டு: 3, 2. அடுத்து 15 மாஸ்க்: 5. லூப்பே இல்லாமல் மூன்று படியில் முடிந்தது. 32 பிட்டுக்கு ஐந்து படி. மாஸ்க்குகள் 1431655765, 858993459, 252645135, 16711935, 65535. பார்க்க மனப்பாடம் பண்ண முடியாத நம்பர்கள். ஆனால் ஐந்தும் 4294967295ஐ அதன் ஐந்து பகாக் காரணிகளால் வகுத்து வந்தவை. பல பிராசஸர்களில் இதற்குத் தனி இன்ஸ்ட்ரக்‌ஷனே இருக்கிறது. இல்லாத சின்ன சில்லுகளில் இந்த டிரிக் இன்னும் கை கொடுக்கும்.

சரி, மாஸ்க் ஒரு அழகு. உண்மையில் இந்தக் காரணிகள் தெரியாமல் நடக்காத வேலை ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. டிஜிட்டல் லேப்பில் ஃபீட்பேக் போட்ட ஷிஃப்ட் ரிஜிஸ்டர் செய்திருப்போம். சில பிட்டுகளை எக்ஸார் பண்ணி மறுபடி உள்ளே தள்ளினால் பார்ப்பதற்கு ரேண்டம் மாதிரி ஒரு வரிசை வரும். 32 பிட் ரிஜிஸ்டரில் எல்லாம் பூஜ்யம் என்ற நிலையை விட்டுவிட்டால் மிச்சம் 4294967295 நிலைகள். நல்ல ரிஜிஸ்டர் இவை அத்தனையையும் சுற்றிவிட்டுத்தான் ஆரம்பித்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். டேப் தப்பான இடத்தில் இருந்தால் நடுவிலேயே திரும்பிவிடும், ரேண்டம் நம்பர் ரிப்பீட் ஆக ஆரம்பிக்கும். நம் ரிஜிஸ்டர் முழுச் சுற்று வருகிறது என்று எப்படி உறுதி செய்வது?

ஓட விட்டுப் பார்க்கலாம். 32 பிட்டுக்கு லேப்டாப் தாங்கும். ஆனால் 64 பிட் ரிஜிஸ்டர் என்றால், நொடிக்கு 100 கோடி படி ஓடினாலும் சுமார் 584 வருஷம் ஆகும். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்குள் முடியாது.

இங்கேதான் காரணிகள் வருகின்றன. 4294967295 படி கழித்து ஆரம்ப நிலைக்கே வந்துவிட்டோம் என்று வைங்க. அப்போது உண்மையான சுற்றின் நீளம் அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்க வேண்டும். நீளம் அதைவிடச் சின்னதாக இருந்தால், நம் எண்ணை ஏதாவது ஒரு பகாக் காரணியால் வகுத்து வரும் படியிலும் அதே ஆரம்ப நிலை வந்தே தீரும். அதனால் பார்க்க வேண்டியது ஆறே ஆறு இடம். முழு எண்ணில் திரும்பி வருகிறதா, அந்த ஐந்து ஈவுகளில் (ஆமாம், அதே ஐந்து மாஸ்க் நம்பர்கள்!) திரும்பாமல் இருக்கிறதா. அந்த இடத்துக்கு ஒவ்வொரு படியாக நடக்கத் தேவையில்லை. ஒரு படியை ஒரு மேட்ரிக்ஸாக எழுதி, அதையே வர்க்கம், வர்க்கத்தின் வர்க்கம் என்று தாவினால் முப்பது சொச்சம் தாவலில் போய்விடலாம். 64 பிட்டுக்கும் இதே கதைதான், ஏழு பகாக் காரணி, எட்டு இடத்தில் பார்த்தால் போதும். 2003ல் ஜார்ஜ் மார்சாலியா எக்ஸார்ஷிஃப்ட் ஜெனரேட்டர்களை வெளியிட்டார். மூன்று ஷிஃப்ட், மூன்று எக்ஸார், சுற்று 2³² − 1. அந்த மாதிரி ஒன்றின் சுற்றுக்கு கியாரண்டி கொடுப்பது இந்தக் காரணிக் கணக்குதான்.

இப்போது முதலில் விட்டுவைத்த மீதிப் பாதிக்கு வருவோம். அல்ஜீப்ரா நம் எண்ணை ஐந்தாக உடைக்கும், சரி. ஆனால் உடைந்த ஐந்து துண்டும் பகா எண்ணாக இருக்க வேண்டும் என்று அல்ஜீப்ரா எங்கேயும் சொல்லவில்லை. அது தனிக் கதை.

1640ல் பியர் டி ஃபெர்மா தன் கடிதங்களில் இந்த வரிசையைப் பற்றி எழுதினார். 3, 5, 17, 257, 65537, அடுத்தது 2³² + 1, அதற்கடுத்தது 2⁶⁴ + 1... எல்லாமே பகா எண்கள் என்பது அவர் நம்பிக்கை. நிரூபணம் கையில் இல்லை. முதல் ஐந்தும் பகா எண்கள்தான். ஆறாவது 4294967297. நம் ஹீரோவைவிட ரெண்டு அதிகம், 32 பிட்டில் அடங்காத எண்.

இதை கையால் சோதிப்பது சாமானியம் இல்லை. வர்க்கமூலம் 65536ஐத் தாண்டும், அதற்குக் கீழே ஆறாயிரத்துச் சொச்சம் பகா எண்கள் இருக்கின்றன. 92 வருஷம் யாரும் உடைக்கவில்லை. 1732ல் ஆய்லர் உடைத்தார்: 4294967297 = 641 × 6700417.

641ஐ எப்படிப் பிடித்தார் என்பதுதான் விஷயம். ஒரு பகா எண் 2³² + 1ஐ வகுக்கிறது என்றால், அந்தப் பகா எண்ணால் 2³²ஐ வகுத்தால் மீதி −1. அப்படியானால் 2⁶⁴க்கு மீதி 1. ரெண்டின் அடுக்குகளின் மீதி முதன்முதலாக 1க்குத் திரும்புவது சரியாக 64வது அடுக்கில். ஆனால் அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்து வரும் அடுக்கிலும் மீதி 1 என்று ஒரு தேற்றம் சொல்கிறது. அதனால் பகா எண் − 1 என்பது 64ஆல் வகுபட்டே ஆக வேண்டும். அந்தத் தேற்றத்தின் பெயர் ஃபெர்மாவின் சிறிய தேற்றம். அவர் ஊகத்தை அவர் தேற்றமே கவிழ்த்தது.

அப்புறம் என்ன, ஆறாயிரம் எண்களைத் தேட வேண்டியதில்லை. 64ன் மடங்கு கூட்டல் ஒன்று மட்டும் போதும்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் மாட்டிக்கொண்டது.

641 வகுக்கும் என்று தெரிந்த பிறகு சரிபார்க்க பெரிய வகுத்தல்கூட வேண்டாம். 641ஐ ரெண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1, இன்னொன்று 5⁴ + 2⁴. முதலாவதிலிருந்து, 641ஆல் வகுத்தால் 5 × 2⁷க்கு மீதி −1. நாலாம் அடுக்குக்கு ஏற்றினால் 5⁴ × 2²⁸க்கு மீதி 1. இரண்டாவதிலிருந்து 5⁴ம் −2⁴ம் ஒரே மீதி. அதை இங்கே மாற்றிப் போட்டால் −2³²க்கு மீதி 1. அதாவது 2³² + 1க்கு மீதி பூஜ்யம். டிஷ்யூ பேப்பரில் எழுதி முடிக்கலாம். கேன்டீனில் செய்து பார்த்தாயிற்று.

இந்த உடைவை கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாஸ்கல் முக்கோணத்தை எடுங்க. ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டைப்படை இடத்தில் 0 போடுங்க. வரிகள் 1, 11, 101, 1111, 10001, 110011, 1010101, 11111111 என்று வரும். ஒவ்வொரு வரியையும் பைனரி எண்ணாகப் படிங்க: 1, 3, 5, 15, 17, 51, 85, 255. நம் மாஸ்க்குகள் மூன்றும் இங்கேயும் உட்கார்ந்திருக்கின்றன. கோடு எழுதுவதும் சுலபம். இருக்கும் எண்ணை ஒரு இடம் இடது பக்கம் ஷிஃப்ட் பண்ணி, அதோடு எக்ஸார் பண்ணினால் அடுத்த வரி. ஒரே லைன். ஆனால் வேரியபிளை 64 பிட்டாக வைங்க, காரணம் கடைசியில் தெரியும்.

32 வரி ஓட்டிப் பாருங்க. வரும் 32 எண்களும் 4294967295ன் வகுத்திகள். வகுத்திகள் மொத்தமே 32தான், ஐந்து பகாக் காரணிகளில் எதை எடுக்கிறோம் எதை விடுகிறோம் என்பதற்கு 2⁵ வழி. ஒன்றுகூட விடுபடாமல், ஏறுவரிசையில் வரும். வரி எண்ணை பூஜ்யத்தில் தொடங்கி பைனரியில் எழுதினால் எந்தக் காரணிகள் பெருக்கப்பட்டிருக்கின்றன என்றே சொல்லிவிடும். 6வது வரி என்றால் 110, அதனால் 17 × 5 = 85. 31வது வரி 11111, ஐந்தும் சேர்ந்து 4294967295. அதுவரைக்கும் ஒவ்வொரு புதுக் காரணியும் பகா எண். அடுத்து 32வது வரி. ரெண்டு ஓரத்தில் மட்டும் 1, நடுவில் 31 பூஜ்யம். பார்ப்பதற்கு 10001 மாதிரி அப்பாவியாகத்தான் இருக்கும். அதுதான் 4294967297, 641 ஒளிந்திருக்கும் வரி. 32 வரி சரியாக வந்த பேட்டர்னை டெஸ்ட் கேஸ் என்று பார்த்தால் எந்த டீமும் பாஸ் போட்டுவிடும்.

இந்த 32 வகுத்திகளுக்கு வடிவியலில் இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. கவராயமும், அளவு குறிக்காத அளவுகோலும் மட்டும் வைத்து ஒழுங்குப் பலகோணம் வரைவது கிரேக்கர் காலத்து விளையாட்டு. முக்கோணம், ஐங்கோணம், பதினைந்து பக்கம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஏழு பக்கம் வரவே இல்லை. 1796ல் காஸ், வயது 18, பதினேழு பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று காட்டினார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டது என்றால், பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருந்தால் வரையலாம். மற்றவை முடியாது என்பதை 1837ல் வான்ட்செல் நிரூபித்தார். ஹெர்மஸ் என்பவர் 65537 பக்கத்துக்கான வழியை எழுத பத்து வருஷம் செலவழித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கனில் இருக்கிறது. நம் ஃபைனல் இயர் ரெக்கார்டு நோட்டெல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

ஆக, நமக்குத் தெரிந்து வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்கள் 31 மட்டுமே. நம் எண்ணின் வகுத்திகளில் 1ஐ விட்டுவிட்டு மற்றதெல்லாம். அதில் மிகப் பெரியது 4294967295 பக்கம் கொண்டது. பூமத்திய ரேகை அளவுக்கு வட்டம் போட்டால்கூட ஒரு பக்கம் சுமார் 9.3 மில்லிமீட்டர்தான் வரும், சுண்டுவிரல் நகம் அகலம். ஏன் இந்த எண் தேர்ச்சி பெறுகிறது என்பதற்கு ஒரு வரியில் காரணம் சொல்லலாம். 1லிருந்து இதுவரை உள்ள எண்களில் இதனோடு 1ஐத் தவிர பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? 2 × 4 × 16 × 256 × 65536, அதாவது மிகச்சரியாக 2³¹. கவராயம் ஒவ்வொரு தடவையும் ஒரு வர்க்கமூலம்தான் எடுக்கும், அதனால் ரெண்டின் அடுக்கு வந்தால்தான் அதற்கு வழி உண்டு. இப்படிப் பொதுக் காரணி இல்லாத எண்களுக்கு "சார்பகா எண்கள்" என்று தமிழில் பெயர். கோ-பிரைம் என்றே படித்துவந்த எனக்கு இதை எழுதும்போதுதான் அந்த வார்த்தை கிடைத்தது, பிடித்தும் போனது.

கம்ப்யூட்டர்காரர்கள் 32 பிட்டைத் தேர்ந்தெடுத்தது ஃபெர்மாவுக்காக இல்லை. எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே வந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் ரொம்ப நாள் தங்கிய அந்தப் படி, பேட்டர்ன் உடைவதற்குச் சரியாக ஒரு படி முன்னால் இருக்கிறது. அடுத்த படியான 64 பிட்டில் அந்தச் சுத்தம் இல்லை. 18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. நடுவில் ஆய்லரின் 641 வந்து உட்கார்ந்துவிட்டது. ஐந்து பேரில் மூத்தவரான 65537 மட்டும் தனியாக இன்னொரு வேலைக்கும் போய்விட்டார். ஆர்எஸ்ஏ பொதுச் சாவிகளில் அடுக்காக வழக்கமாகப் போடுவது இவரைத்தான். பைனரியில் ரெண்டே ஒன்றுகள், அதனால் பதினாறு வர்க்கம், ஒரு பெருக்கல், வேலை முடிந்தது. பிரவுசரில் பூட்டுப் படத்தை அழுத்தி சர்டிபிகேட் விவரத்தைத் திறந்தால் பல தளங்களில் ஆளைப் பார்க்கலாம்.

1732க்குப் பிறகு ஃபெர்மா வரிசையில் புதிதாக ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை. 2⁶⁴ + 1ஐ 1880ல் லான்ட்ரி தன் 82வது வயதில் உடைத்தார், அதில் ஒரு காரணி 274177. முதல் எண்ணை பூஜ்யமாவது ஃபெர்மா எண் என்று எண்ணினால், 5லிருந்து 32வது வரை எல்லாமே பகு எண்கள் என்று இன்றைக்குத் தெரியும். அதில் விநோதம் என்னவென்றால், 20வதும் 24வதும் பகு எண்கள் என்று உறுதியாகத் தெரியும், ஆனால் அவற்றின் ஒரு காரணியைக்கூட யாரும் கண்டதில்லை. 33வது ஃபெர்மா எண் பகாவா பகுவா என்பதே தெரியாது. எழுதினால் 258 கோடிக்கு மேல் இலக்கங்கள். அது பகா எண் என்று வந்துவிட்டால் 31 பலகோணங்கள் ஒரே நாளில் 63 ஆகும், 4294967295 பக்கத்தின் ரெக்கார்டும் போய்விடும்.